ஃபரோ தீவுகளின் லீக்கும் 2023 சீசனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 ஜூலை 19 இரவு, புடாபெஸ்ட் நகரில் ஹங்கேரியின் சாம்பியன் ஃபெரென்ஸ்வாரோஷ் சொந்த மைதானத்தில் 0-3 என்று தோற்றது. ஜெயித்த அணி, ஐயாயிரம் பேர் மட்டுமே வாழும் ஒரு மீன்பிடித் துறைமுக ஊரிலிருந்து வந்தது. ஊரின் பெயர் கிளாக்ஸ்விக். நாடு ஃபரோ தீவுகள்.

அதற்கப்புறம் அந்த அணியைப் பற்றி நான் பேசாத நண்பர் இல்லை. அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லோரும் அந்த ஒரு இரவைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். ஆனால் அந்த இரவு புரிய வேண்டுமென்றால் அந்த நாட்டின் உள்ளூர் லீக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஃபரோ தீவுகள் எங்கே இருக்கின்றன? அது தனி நாடா?

வட அட்லாண்டிக் கடலில், ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே இருக்கும் 18 தீவுகள். மொத்த மக்கள்தொகை சுமார் 54,000. டென்மார்க் முடியாட்சிக்கு உட்பட்ட பகுதிதான், ஆனால் 1948 முதல் தன்னாட்சி உண்டு. சொந்த மொழி, சொந்த நாடாளுமன்றம், சொந்தக் கொடி எல்லாம் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவில்லை.

கால்பந்தைப் பொறுத்தவரை அது தனி நாடுதான். 1988ல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவிலும் 1990ல் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவிலும் உறுப்பினர் ஆனது. அதனால்தான் அங்கே லீக் ஜெயிக்கும் அணி, ரியல் மாட்ரிட் ஆடும் அதே சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் ஆடுகிறது.

லீக்கின் பெயர் என்ன? எப்படி நடக்கிறது?

இப்போது பெட்ரி டெயில்டின் என்கிறார்கள். பெட்ரி என்பது ஒரு வங்கி, ஸ்பான்சர். அதற்கு முன் எரிபொருள் நிறுவனத்தின் பெயரிலும் தொலைபேசி நிறுவனத்தின் பெயரிலும் லீக் நடந்திருக்கிறது. ஸ்பான்சர் மாறினால் பெயரும் மாறிவிடும்.

10 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பது அணிகளோடும் மூன்று முறை மோதும், ஆக ஆளுக்கு 27 ஆட்டம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 27 ஒற்றைப்படை எண் என்பதால் சில அணிகளுக்குச் சொந்த மைதானத்தில் 14 ஆட்டம் கிடைக்கும், சிலவற்றுக்கு 13தான். பட்டத்துக்கு இரண்டு அணிகள் நெருக்கமாகப் போட்டியிடும் ஆண்டில், மூன்றாவது மோதல் யார் ஊரில் நடக்கிறது என்பது பெரிய விஷயம் ஆகிவிடுகிறது.

முதலிடம் பிடிப்பவர் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்குப் போவார். அடுத்த இடங்களில் இருப்பவர்களும் உள்நாட்டுக் கோப்பை வென்றவர்களும், ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றுக்குப் போவார்கள். 2023ல் அப்படி மொத்தம் நான்கு அணிகள் ஐரோப்பாவில் ஆடின. பத்து அணிகள் உள்ள லீக்கில் நான்குக்கு ஐரோப்பிய வாய்ப்பு என்பது பெரிய பங்கு. நடுவரிசையில் இருக்கும் அணிக்கும் கடைசி மாதம் வரை ஓட ஒரு காரணம் இருக்கிறது.

இரண்டாம் பிரிவில் பெரிய கிளப்புகளின் ரிசர்வ் அணிகளும் ஆடுகின்றன. அவை எத்தனை ஜெயித்தாலும் மேல் பிரிவுக்கு ஏற முடியாது.

ஏன் மார்ச் முதல் அக்டோபர் வரை? ஐரோப்பாவில் லீக்குகள் ஆகஸ்டில்தானே தொடங்கும்?

குளிர்காலத்தில் அங்கே பகல் வெளிச்சம் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம்தான். அட்லாண்டிக் புயல்கள் வேறு. பனியைவிடக் காற்றுதான் அங்கே பெரிய தொல்லை. கோடையிலோ நேரெதிர். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அதனால் வசந்த காலத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிக்கிறார்கள். நார்வே, ஸ்வீடன், ஐஸ்லாந்து லீக்குகளும் ஏறக்குறைய இப்படித்தான்.

இந்த நாட்காட்டியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2023ல் நடந்த பலவற்றுக்கு விளக்கம் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முக்கியமான அணிகள் எவை?

தலைநகர் டோர்ஷாவ்னில் இரண்டு பழைய எதிரிகள்: எச்.பி. என்கிற ஹாவ்னர் போல்ட்ஃபெலாக், அப்புறம் பி36. எச்.பி. 1904ல் தொடங்கியது, இதுவரை 24 முறை சாம்பியன். பி36 என்ற பெயரிலேயே அது தொடங்கிய ஆண்டு இருக்கிறது, 1936.

கே.ஐ. கிளாக்ஸ்விக் வடக்கே போர்டோய் தீவில் இருக்கிறது. நாட்டின் இரண்டாவது பெரிய ஊர் அதுதான். இந்த கிளப்பும் 1904ல் தொடங்கியதே. நீலம், வெள்ளை உடுப்பு. எஸ்தூரோய் தீவில் விக்கிங்குர் இருக்கிறது. 2008ல் கோட்டா, லெய்ர்விக் என்ற இரண்டு பக்கத்து ஊர்களின் கிளப்புகள் சேர்ந்து உருவானது. அதே தீவில் ரூனாவிக் ஊரின் என்.எஸ்.ஐ. இருக்கிறது. லீக் வரலாற்றில் அதிக கோல் அடித்த க்ளெமின்ட் ஓல்சன் அந்த அணியின் முகம்.

தெற்குக் கோடியில் சூதுரோய் தீவு. அங்கே ட்வோரோய்ரி ஊரின் டி.பி. 1892ல் தொடங்கியது, நாட்டிலேயே மூத்த கிளப். பல ஆண்டுகளாக மேலேயும் கீழேயும் போய்வந்துகொண்டிருக்கிறது. மேல் பிரிவில் அது இருக்கும் ஆண்டுகளில் லீக்குக்கே ஒரு தனி அழகு வந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

லீக் எத்தனை காலமாக நடக்கிறது?

1942 முதல். அப்போது இரண்டாம் உலகப்போர். டென்மார்க்கை ஜெர்மனி பிடித்ததும், 1940 ஏப்ரலில் பிரிட்டிஷ் படைகள் இந்தத் தீவுகளில் இறங்கிவிட்டன. அந்தச் சூழலில்தான் முதல் தேசிய லீக் நடந்தது, கே.ஐ. ஜெயித்தது. 1944ல் மட்டும் போட்டி நடக்கவில்லை. காரணம், ஆடுவதற்குப் போதுமான பந்துகள் கிடைக்கவில்லை. ஆட ஆள் இருந்தும் பந்து இல்லாமல் ஒரு முழு சீசன் நின்றுபோயிருக்கிறது.

ஆட்டக்காரர்கள் முழுநேரத் தொழில்முறை வீரர்களா?

பெரும்பாலானவர்கள் இல்லை. பகலில் வேலைக்கோ படிப்புக்கோ போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள்தான் அதிகம். வெளிநாட்டிலிருந்து வரும் சிலரும், பெரிய கிளப்புகளில் இன்னும் சிலரும் கால்பந்தை மட்டுமே பார்த்துக்கொள்கிறார்கள்.

இதைக் கேட்டதும் பலர் “அப்போ பொழுதுபோக்கு அணிதானே” என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தப்பு. 2020ல் கே.ஐ., சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலைப் போட்டியான ஐரோப்பா லீக்கின் தகுதிச் சுற்றில் ஜார்ஜியாவின் டினாமோ திபிலிசியை 6-1 என்று அடித்தது. தகுதிச் சுற்றுகளைத் தாண்டியவர்கள் நான்கு நான்கு அணிகளாகப் பிரிந்து ஆடும் குரூப் சுற்றுக்கு ஒரு படி முன்னால், அயர்லாந்தின் டண்டாக்கிடம் 1-3 என்று தோற்றது. 2022ல் நார்வேயின் போடோ/கிலிம்ட்டிடம் வெளியூரில் 0-3 தோற்றுவிட்டு, சொந்த ஊரில் 3-1 என்று ஜெயித்தது. இரண்டு ஆட்டங்களையும் சேர்த்த கணக்கில் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில்தான் வெளியேறியது. அதற்கு முந்தைய சீசனில் ரோமா அணியை 6-1 என்று நொறுக்கியதும் இதே போடோ/கிலிம்ட்தான். ஆக 2023 திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. மூன்று ஆண்டுகளாகக் கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது.

சரி, 2023ல் என்னதான் நடந்தது?

கே.ஐ. 2021லும் 2022லும் சாம்பியன். 2023க்கு நார்வேயைச் சேர்ந்த மாக்னே ஹோசெத் பயிற்சியாளராக வந்தார். லீக் தொடங்கியதிலிருந்தே அணி முன்னிலையில் ஓடிக்கொண்டிருந்தது. ஜூலையில் சாம்பியன்ஸ் லீக் முதல் தகுதிச் சுற்று வந்தது, எதிரே ஃபெரென்ஸ்வாரோஷ்.

ஃபெரென்ஸ்வாரோஷ் சாதாரண எதிராளி இல்லை. முந்தைய சீசனில் மொனாக்கோவும் ரெட் ஸ்டார் பெல்கிரேடும் இருந்த ஐரோப்பா லீக் குரூப்பில் முதலிடம் பிடித்த அணி. முதல் ஆட்டம் ஃபரோவில் 0-0. “சரி, புடாபெஸ்டில் பார்த்துக்கொள்வார்கள்” என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அங்கே போய் ஆர்னி ஃப்ரெடரிக்ஸ்பெர்க் இரண்டு கோல், ஐவரி கோஸ்டைச் சேர்ந்த லூக் காசி ஒரு கோல். தோல்விக்குப் பிறகு ஃபெரென்ஸ்வாரோஷ் தன் பயிற்சியாளர் ஸ்டானிஸ்லாவ் செர்செசோவை நீக்கிவிட்டது. 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவைக் காலிறுதி வரை கொண்டுபோனவர் அவர்.

அடுத்து ஸ்வீடன் சாம்பியன் ஹேக்கென். ஃபரோவில் 0-0. கோத்தன்பர்க்கில் கூடுதல் நேரமும் சேர்த்து 3-3. பெனால்டி ஷூட்அவுட்டில் கே.ஐ. 4-3 என்று ஜெயித்தது. எனக்குப் புடாபெஸ்டைவிட இந்த ஆட்டம்தான் பிடிக்கும். புடாபெஸ்டில் எதிராளி அசந்திருந்தான் என்று சொல்ல இடமிருக்கிறது. ஹேக்கென் அசந்திருக்க வழியே இல்லை. கே.ஐ. யார் என்று அதற்குள் ஐரோப்பா முழுக்கத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் சுற்றில் நார்வேயின் மோல்டே. ஹோசெத் தன் ஆட்டக் காலத்தில் பல ஆண்டுகள் ஆடிய கிளப் அது. சொந்த மண்ணில் கே.ஐ. 2-1 என்று ஜெயித்தது. நார்வேயில் கூடுதல் நேரத்தில் 0-2. அங்கே சாம்பியன்ஸ் லீக் கனவு முடிந்தது. ஐரோப்பா லீக்கின் கடைசித் தகுதிச் சுற்றான பிளே-ஆஃபில் மால்டோவாவின் ஷெரிஃப் திராஸ்போலோடு 1-1, பிறகு 1-2. அங்கேயும் ஒரு கோலில்தான் போனது.

தோற்ற பிறகும் எப்படி குரூப் சுற்றில் ஆடினார்கள்?

இதுதான் நிறையப் பேருக்குக் குழப்பம். லீக் சாம்பியன்களுக்கு யூஃபா ஒரு தனிப் பாதை வைத்திருக்கிறது. அந்தப் பாதையில் ஓர் அணி தோற்றால் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடாமல், ஒரு படி கீழே உள்ள போட்டிக்கு இறக்கிவிடும். சாம்பியன்ஸ் லீக் மூன்றாம் சுற்றில் தோற்றால் ஐரோப்பா லீக் பிளே-ஆஃப். அங்கேயும் தோற்றால், அப்போதைய முறைப்படி, கான்ஃபரன்ஸ் லீக் குரூப்.

அதாவது ஹேக்கெனை வீழ்த்தி மூன்றாம் சுற்றுக்குள் நுழைந்த கணத்திலேயே, அடுத்து வரும் எல்லா ஆட்டத்திலும் தோற்றாலும் ஏதோ ஒரு குரூப்பில் இடம் உறுதி. கோத்தன்பர்க்கில் அந்தக் கடைசி பெனால்டியோடு, ஃபரோ தீவுகளிலிருந்து ஐரோப்பிய குரூப் சுற்றுக்குப் போகும் முதல் கிளப் என்ற பெயர் கே.ஐ.க்கு வந்துவிட்டது. 1992ல் இதே கே.ஐ.தான் ஃபரோவிலிருந்து முதன்முதலாகச் சாம்பியன்ஸ் லீக்கில் நுழைந்து, லாட்வியாவின் ஸ்கொண்டோ ரீகாவிடம் இரண்டு ஆட்டத்திலும் தோற்றுத் திரும்பியது. நடுவே 31 ஆண்டுகள்.

குரூப்பில் எப்படி ஆடினார்கள்?

பிரான்சின் லீல், ஸ்லோவாக்கியாவின் ஸ்லோவன் பிராட்டிஸ்லாவா, ஸ்லோவேனியாவின் ஒலிம்பியா லூப்லியானா. இந்த மூன்று அணிகளும்தான் கே.ஐ.யின் குரூப்பில் இருந்தன. சொந்த ஆட்டங்களை கிளாக்ஸ்விக்கில் நடத்த முடியவில்லை. தலைநகரில் இருக்கும் தேசிய மைதானம் டோர்ஸ்வோத்லூர்தான் யூஃபா விதிகளுக்குப் பொருந்தியது.

செப்டம்பரில் ஸ்லோவனிடம் 1-2. அக்டோபர் 5 அன்று லீல் டோர்ஷாவ்னுக்கு வந்து 0-0 என்று திரும்பிப் போனது. அக்டோபர் 26 அன்று ஒலிம்பியாவை 3-0 என்று வீழ்த்தினார்கள். ஐரோப்பிய குரூப் சுற்றில் ஒரு ஃபரோ அணியின் முதல் வெற்றி அது. அதற்கப்புறம் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி: 0-2, 1-2, 0-3. மொத்தம் 4 புள்ளிகள், கடைசி இடம்.

தகுதிச் சுற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஐரோப்பாவில் 14 ஆட்டங்கள்: 3 வெற்றி, 5 டிரா, 6 தோல்வி. இடையிலேயே உள்ளூர் லீக்கையும் விடாமல் ஜெயித்தார்கள். தொடர்ந்து மூன்றாவது பட்டம், மொத்தத்தில் 21வது.

இவ்வளவு சின்ன லீக்கிலிருந்து இது எப்படிச் சாத்தியமானது? அதிர்ஷ்டமா?

ஷூட்அவுட்டில் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்திருக்கும். மற்றபடி நான் முதலில் சொன்ன நாட்காட்டிக்கு வருகிறேன்.

ஜூலை இரண்டாம் வாரத்தில் ஃபெரென்ஸ்வாரோஷ் போன்ற அணி அப்போதுதான் விடுமுறை முடிந்து வந்திருக்கும். புது ஆட்கள் சேர்ந்துகொண்டிருப்பார்கள், கால்கள் இன்னும் சூடாகியிருக்காது. கே.ஐ.யோ மார்ச்சிலிருந்து வாரா வாரம் ஆடிக்கொண்டிருக்கிறது. பதினொரு பேருக்கும் அடுத்தவன் எங்கே ஓடுவான் என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். ஜூலையில் அந்த வித்தியாசம் பெரியது.

அதே நாட்காட்டி நவம்பரில் திருப்பி அடித்தது. உள்ளூர் லீக் அக்டோபரோடு முடிந்துவிடும். குரூப்பின் கடைசி மூன்று ஆட்டங்கள் நவம்பர் 9, நவம்பர் 30, டிசம்பர் 14. அப்போது கே.ஐ.க்கு நடுவில் லீக் ஆட்டமே கிடையாது. எதிராளிகளோ சீசனின் உச்ச வேகத்தில் இருக்கிறார்கள். நான்கு புள்ளிகளும் அக்டோபரில் வந்தன, அதற்கப்புறம் ஒன்றுகூட வரவில்லை. இதைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நாட்காட்டி மட்டும் போதுமா என்றால் போதாது. அதே நாட்காட்டியில் ஆடிய பழைய கே.ஐ. அணிகள் தோற்றுத்தானே வந்தன? இன்னொரு மாற்றம் தரையில் நடந்தது. முன்பு அங்கே புல் மைதானமே கிடையாது, கல்லும் மணலும் கலந்த தரைதான். இப்போது சின்னச் சின்ன ஊர்களில்கூட செயற்கைப் புல்தரை இருக்கிறது. மழையோ காற்றோ, பிள்ளைகள் ஆண்டு முழுக்க ஆடலாம். அந்தத் தரையில் வளர்ந்த தலைமுறைக்குப் பந்தைத் தரையோடு கடத்திக் கொடுப்பது இயல்பாக வருகிறது. அவர்களில் சிலர் டென்மார்க், நார்வே கிளப்புகளுக்குப் போய் அனுபவம் பெற்றுத் திரும்பியும் வருகிறார்கள். ஹால்லுர் ஹான்சன் அப்படித்தான் 2023ல் கே.ஐ.க்கு வந்தார்.

இதில் எவ்வளவு பணம் வந்தது? லீக்கின் சமநிலை கெட்டுவிடாதா?

அப்போதைய விதிப்படி, கான்ஃபரன்ஸ் லீக் குரூப்பில் நுழைந்தாலே 29.4 லட்சம் யூரோ. வெற்றிக்கு 5 லட்சம், டிராவுக்கு 1.66 லட்சம். தகுதிச் சுற்றுப் பணம் தனி. வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சி செய்யும் பத்து அணிகள் உள்ள லீக்கில், ஒரே கிளப்பின் கையில் இவ்வளவு பணம் விழுகிறது.

இது நிஜமான கவலைதான். மற்ற சின்ன நாடுகளில் ஓர் அணி ஐரோப்பியப் பணத்தை வைத்துப் பத்து ஆண்டு உள்ளூரை ஆண்டதைப் பார்த்திருக்கிறோம். ஷெரிஃப் மால்டோவாவில் அப்படித்தான் கிட்டத்தட்ட ஒவ்வோர் ஆண்டும் ஜெயித்துக்கொண்டிருந்தது. ஃபரோவில் மறு ஆண்டே, 2024ல், விக்கிங்குர் சாம்பியன் ஆனது. 2016, 2017க்குப் பிறகு அவர்களுக்கு அது மூன்றாவது பட்டம். அந்தச் செய்தியைப் படித்தபோது கே.ஐ.யை இவ்வளவு நேசிக்கிற எனக்கே நிம்மதியாக இருந்தது.

ஒரு பட்டத்தை வைத்து ஆபத்து நீங்கிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. யூஃபா, தகுதி பெறாத கிளப்புகளுக்கும் கொஞ்சம் பங்கு கொடுக்கிறது. அந்தப் பங்கு பெரிதாக வேண்டும் என்பது என் கருத்து.

தீவுகளுக்கு இடையே அணிகள் எப்படிப் பயணம் செய்கின்றன?

பெரும்பாலும் பேருந்தில், கடலுக்கு அடியில். நம்பக் கஷ்டமாக இருக்கும், உண்மைதான். 2002ல் வாகர் தீவுக்கும் 2006ல் கிளாக்ஸ்விக்குக்கும் கடலடிச் சுரங்கச் சாலை வந்தது. 2020 டிசம்பரில் திறந்த எஸ்தூரோய் சுரங்கம் 11 கிலோமீட்டர் நீளம், நடுவே கடலுக்கு அடியில் ஒரு ரவுண்டானாவே இருக்கிறது. கிளாக்ஸ்விக்கிலிருந்து டோர்ஷாவ்னுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பயணம் இப்போது சுமார் 35 நிமிடம்.

வேலை முடிந்து பயிற்சிக்கு வரும் ஆட்டக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். தலைநகரில் வேலை பார்த்துக்கொண்டே கிளாக்ஸ்விக்குக்கு ஆட முடிகிறது. அக்டோபர் இரவில் லீல் ஆட்டத்தைப் பார்க்க ஊரே தலைநகருக்குப் போய் அன்றே திரும்ப முடிந்ததும் இந்தச் சாலைகளால்தான்.

பெரிய தீவுகளில் சூதுரோய்க்கு மட்டும் இன்னும் சுரங்கம் இல்லை. ஸ்மிரில் என்ற கப்பலில் இரண்டு மணி நேரம். கடல் கொந்தளித்தால் டி.பி. ஆட்டத்தின் தேதியே மாறிப்போகலாம்.

மைதானங்கள் எப்படி இருக்கும்?

ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் கடல், நடுவில் பச்சைச் செவ்வகம். படம் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கும் எய்டி ஊரின் மைதானம் கடலோரத்திலேயே இருந்தது. இப்போது அங்கே ஆட்டம் நடப்பதில்லை, கூடாரமடித்துத் தங்கும் பயணிகளுக்கான இடமாகிவிட்டது. அந்த ஊர் அணி 1993ல் பக்கத்து ஊரோடு சேர்ந்து ஈ.பி./ஸ்ட்ரெய்முர் ஆனது, 2008லும் 2012லும் பட்டமும் வென்றது.

2020ல் இந்த லீக்கை நார்வே டிவி காட்டியதாமே?

ஆமாம். கொரோனாவால் உலகமே நின்றிருந்தபோது, 2020 மே 9 அன்று ஃபரோ லீக் தொடங்கியது. ஜெர்மனியின் பண்டஸ்லிகா திரும்பியதே ஒரு வாரம் கழித்துத்தான். பார்வையாளர்கள் இல்லாமல்தான் ஆட்டம். கால்பந்துக்கு ஏங்கிக் கிடந்த நார்வேயில் டிவி 2 ஒளிபரப்பு உரிமையை வாங்கிக் காட்டியது. அந்த சீசனை எச்.பி. ஜெயித்தது.

அதே ஆகஸ்டில் ஒரு விசித்திரமான சம்பவம். சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டத்துக்காக ஸ்லோவன் பிராட்டிஸ்லாவா ஃபரோவுக்கு வந்தது. அவர்கள் குழுவில் ஒருவருக்குத் தொற்று உறுதியானதால் எல்லோரையும் தனிமைப்படுத்திவிட்டார்கள். ஸ்லோவன் இன்னொரு அணியை அனுப்பியது, அதிலும் ஒருவருக்குத் தொற்று. ஆட்டமே நடக்காமல் கே.ஐ.க்கு 3-0 என்று வெற்றி கொடுக்கப்பட்டது. மூன்று ஆண்டு கழித்து 2023 குரூப்பில் அதே ஸ்லோவன் வந்து இரண்டு ஆட்டத்தையும் களத்திலேயே ஜெயித்துவிட்டுப் போனது.

தேசிய அணிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. முதல் புகழே தேசிய அணியால் வந்ததுதான். 1990 செப்டம்பர் 12, யூரோ தகுதிச் சுற்றில் ஃபரோவின் முதல் ஆட்டம், எதிரே ஆஸ்திரியா. ஊரில் புல் மைதானம் இல்லாததால் ஸ்வீடனின் லாண்ட்ஸ்க்ரூனாவில் ஆடினார்கள். மரக்கடையில் விற்பனையாளராக இருந்த டோர்கில் நீல்சன் அடித்த கோலில் 1-0 வெற்றி. கோல்கீப்பர் யென்ஸ் மார்ட்டின் க்னுட்சன் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு ஆடியது இன்றும் பேசப்படுகிறது.

அப்புறம் 2014லும் 2015லும் கிரீஸை இரண்டு முறை, 2022ல் துருக்கியை, 2025 அக்டோபரில் மாண்டினீக்ரோவை 4-0 என்றும் செக் குடியரசை 2-1 என்றும் வீழ்த்தினார்கள். இப்போது தேசிய அணியில் பலர் வெளிநாட்டு கிளப்புகளில் ஆடுகிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் முதலில் பெயர் வாங்கியது இந்தப் பத்து அணி லீக்கில்தான்.

பெண்கள் லீக் இருக்கிறதா?

இருக்கிறது. அங்கே கே.ஐ.யின் ஆதிக்கம் ஆண்கள் அணியைவிடப் பெரியது. 2000 முதல் 2016 வரை தொடர்ந்து 17 பட்டம். கிளாக்ஸ்விக்கில் கால்பந்து என்றதும் 2023ஐ மட்டும் சொல்வது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

இந்த லீக்கைப் பின்தொடர விரும்புகிறேன். எங்கே தொடங்கலாம்?

மார்ச்சில் தொடங்குங்கள். ஜூலை வரை காத்திருந்து ஐரோப்பிய ஆட்டத்தில் மட்டும் எட்டிப் பார்த்தால் பாதிதான் புரியும். ஓர் அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டம் ஜெயிக்கும் அணியாக இருக்க வேண்டும் என்பதில்லை. டோர்ஷாவ்னில் எச்.பி., பி36 மோதும் நாளையும், கே.ஐ. தலைநகருக்கு வரும் நாளையும் தவறவிடாதீர்கள். கோப்பைப் போட்டிக்கு லோக்மன்ஸ்டெய்பிட் என்று பெயர், அதாவது பிரதமர் கோப்பை. 1955 முதல் நடக்கிறது.

ஜூலை வந்ததும் தகுதிச் சுற்றுக் குலுக்கல் பட்டியலில் ஃபரோ அணிகளின் பெயரைத் தேடுங்கள். எதிரே இருக்கும் அணியின் லீக் அந்த ஆண்டு தொடங்கிவிட்டதா, இன்னும் விடுமுறையிலா என்று பாருங்கள். நான் ஒவ்வோர் ஆண்டும் முதலில் பார்ப்பது அதைத்தான்.